முள் அசையாமல் ஆன்டெனா கட்டுவது எப்படி?

வாழ்த்துகள்! ஹாம் ரேடியோ பரீட்சை எழுதி, காத்திருந்து, அப்புறமும் காத்திருந்து, வி.யு.3 என்றோ வி.யு.2 என்றோ தொடங்கும் அழைப்புக்குறி டெல்லியிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது. ரேடியோவும் வாங்கியாயிற்று. அதன் விலை வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது, தெரியவும் வேண்டாம். இனி ஆன்டெனா ஒன்றுதான் பாக்கி. அதற்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று கேட்கிறீர்களா? ரேடியோ வாங்கியதுபோக மிச்சம் எவ்வளவோ, அவ்வளவு. மிச்சமே இல்லையென்றால் ரொம்ப நல்லது. இந்த வழிகாட்டி உங்களுக்காகவே எழுதியது.

40 மீட்டர் பேண்டில் ஒரு டைபோல் கட்ட, 20 மீட்டர் நீளத்துக்குக் கம்பி இழுக்க வேண்டும். உங்கள் மொட்டை மாடியில் பாதியைத் தண்ணீர்த் தொட்டி எடுத்துக்கொண்டது, மீதியை மூன்றாம் மாடி மாமியின் மாடித் தோட்டம் எடுத்துக்கொண்டது. ஆகவே வெர்டிகல். ஒரே இடத்தில் செங்குத்தாக நிற்கும். 40, 20, 15, 10 என்று நான்கு பேண்டிலும் பேசலாம். உலகம் முழுக்க ஹாம்கள் இதை வீட்டிலேயே கட்டுகிறார்கள். பெரும்பாலோர் சிக்னல் தூரம் போக வேண்டும் என்று கட்டுகிறார்கள். நாம் அப்படியெல்லாம் சில்லறை ஆசைகள் வைத்துக்கொள்ளப் போவதில்லை. நம் இலக்கு மேசைமேல் இருக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர். அதில் முள் அசையக் கூடாது. 1:1 காட்ட வேண்டும்.

அந்த மீட்டரைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. நீங்கள் மேலே அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அது காட்டும். 1:1 என்றால் எதுவும் திரும்பவில்லை. திரும்பாதது எங்கே போனது, வானத்துக்கா, கேபிளின் சூட்டுக்கா, மாடித் தளத்துக்கா என்பதைப் பற்றி அது வாயே திறக்காது. இந்த ஒரு நற்குணம்தான் நம்முடைய மூலதனம். வாருங்கள், மாடிக்குப் போவோம்.

1. காயலான் கடையிலிருந்து தொடங்குங்கள்

நல்ல சவுக்குக் கம்பம் ஒன்றை நிறுத்தி, அதன் மேல் கம்பியைக் கட்டித் தொங்கவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். மலிவு, காய்ந்த மரம் மின்சாரத்தைக் கடத்தாது, காற்றுக்கு வளைந்து கொடுக்கும். ஆகவே வேண்டாம். அலுமினியக் குழாய்தான் பார்க்க ஆன்டெனா போல இருக்கும். ஒரு காலத்தில் தென் மாவட்டக் கடலோர மாடிகளில் இலங்கையின் ரூபவாஹினி தெரிவதற்காக ஏணி வைத்து ஏற்றிய டி.வி. ஆன்டெனாக்களின் குழாய்கள் இன்னும் எடைக்கு வருகின்றன. மூன்று அளவுகளில் எடுங்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழைய வேண்டும், ஆனால் இறுகக் கூடாது. இடைவெளியில் நேற்றைய பேப்பரை மடித்துச் செருகி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். குழாய்க்கும் குழாய்க்கும் உலோகத் தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காதீர்கள். சந்தேகப்படுவது நட்புக்கு நல்லதல்ல.

அடியில் செம்புக் கம்பியை நேராக அலுமினியத்தின் மேல் வைத்து, இரும்புத் திருகு போட்டு முறுக்குங்கள். இரண்டுக்கும் நடுவே ஸ்டெயின்லெஸ் வாஷர் போடச் சொல்வார்கள். எட்டணா மிச்சம் பிடியுங்கள். கடற்காற்று வீசும் ஊராக இருந்தால் இந்த மூன்று உலோகங்களும் உப்பும் சேர்ந்து ஒரு பேட்டரியாக வேலை செய்யும். கொஞ்ச நாளில் இணைப்பில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். தொட்டால் உதிரும். சிக்னல் விட்டுவிட்டு வரத் தொடங்கும். அப்போது சூரியனைத் திட்டலாம். அதற்குத் தனி இடம் பின்னால் வருகிறது.

2. சூத்திரத்தை அப்படியே நம்புங்கள்

கால் அலை நீளம் தெரிய வேண்டுமா? 71.3ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் வரும். 7.1க்கு 10.04 மீட்டர். 14.15க்கு 5.04. 21.2க்கு 3.36. 28.5க்கு 2.50. நீளமானது குழாய், மற்ற மூன்றும் அதை ஒட்டித் தொங்கும் கம்பிகள்.

விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு கம்பியையும் அரை மீட்டர் கூடுதலாக விட்டு, மேலே ஏற்றி, அளந்து, விரற்கடை விரற்கடையாக வெட்டுவார்கள். ஏனென்றால் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிக்கு நீளம் சற்றுக் குறைவாகப் போதும். பக்கத்துக் கம்பிகளும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பும் கணக்கைக் கலைக்கும். உங்களுக்கு அவ்வளவு பொறுமை எதற்கு? ஹாலில் கம்பியை விரித்து, முனை உடைந்த டேப்பால் அளந்து, மூன்றையும் ஒரே இரவில் இரண்டு தசமம் பிசகாமல் வெட்டுங்கள். வெட்டியது குட்டையாகிவிட்டால் முறுக்கி ஒட்டுப்போடலாம். ஈயம் வைக்க வேண்டியதில்லை.

அடுத்து, எல்லாக் கம்பிகளையும் குழாயோடு சேர்த்து கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். கம்பிகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி இருந்தால் ஒவ்வொரு பேண்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடும். உங்களுக்கு மாடியில் வேலை இருக்காது. ஒட்டிக் கட்டினால், இருபதை வெட்டியதும் பதினைந்து நகரும், பதினைந்தைச் சரிசெய்தால் பத்து காணாமல் போகும். ஞாயிற்றுக்கிழமைகள் அர்த்தமுள்ளவையாக மாறும். ஏழை மூன்றால் பெருக்கினால் இருபத்தொன்று என்பதால் 40 மீட்டர் கம்பமே 15 மீட்டரிலும் முக்கால் அலையாக வேலை செய்யும், அதற்குத் தனிக் கம்பியே தேவையில்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கம்பி வெட்டியாயிற்று.

3. லிஃப்ட் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள்

பிடிமானத்துக்கு நல்ல சுவர். கூடவே ஒரு வசதி: செங்குத்து ஆன்டெனா வீட்டு மின்சாதனங்களின் இரைச்சலை ஆசையோடு வாங்கிக்கொள்ளும். இன்வெர்ட்டர், எல்.இ.டி. விளக்கு, புது மாதிரி லிஃப்டின் மோட்டார் கன்ட்ரோலர் எல்லாம் அதற்கு உறவு. யாராவது தரைத்தளத்தில் பொத்தானை அழுத்தியதும் உங்கள் ரேடியோவில் சிக்னல் வலுவைக் காட்டும் எஸ்-மீட்டர் ஒன்பதைத் தொடும். யார் எத்தனை மணிக்கு வீடு திரும்பினார்கள் என்று அறையை விட்டு வெளியே வராமலே சொல்லலாம்.

4. ரேடியல் என்ற பேச்சையே எடுக்காதீர்கள்

இதுதான் இந்தக் கலையின் நெஞ்சு. நிதானமாகப் படியுங்கள்.

கால் அலைக் கம்பம் பாதி ஆன்டெனாதான். மறுபாதி அதன் காலடியில் நான்கு பக்கமும் விரியும் கம்பிகள். அவற்றுக்குத்தான் ரேடியல் என்று பெயர். கம்பத்தில் ஏறும் மின்னோட்டத்துக்குச் சமமாக அடியிலும் ஓட வேண்டும். ஓடக் கம்பி இல்லையென்றால் மண்ணிலும் சிமென்ட்டிலும் ஓடிச் சூடாகிப் போகும். 1937இல் ஆர்.சி.ஏ. பொறியாளர்கள் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் மூவரும் ஒரு வயல்வெளியில் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பிகளைப் புதைத்து, எத்தனை கம்பிக்கு எவ்வளவு லாபம் என்று அளந்து கட்டுரையாகவே எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு மீடியம் வேவ் நிலையங்கள் 120 கம்பிகள் புதைப்பது வழக்கமாயிற்று. ஹாம்களுக்கு அவ்வளவு வேண்டாம். தரையில் பதினாறோ முப்பத்திரண்டோ, உயர்த்திக் கட்டினால் பேண்டுக்கு இரண்டோ நான்கோ போதும் என்பார்கள்.

நீங்கள் ஒன்று போடுங்கள். ஆன்டெனாவின் அடியிலிருந்து தண்ணீர்க் குழாய்வரை ஒரே ஒரு கம்பி. குழாய் கண்ணுக்குத் தெரிகிறவரை இரும்பு. இரண்டாம் மாடிக்குக் கீழே போன வருஷம்தான் பி.வி.சி.யாக மாற்றினார்கள். அதைப் போய்ப் பார்க்காதீர்கள், மனது கஷ்டப்படும்.

ஒன்றிரண்டு கூடுதலாகப் போட்டுத்தான் பார்ப்போமே என்று சபலம் வந்தால் மாமி காப்பாற்றுவார்.

“ஏன்டாப்பா, இந்தக் கம்பி என் வடாம் மேல போறதே?”

“ரெண்டே நாள் மாமி, எடுத்துடறேன்.”

எடுத்துவிடுங்கள். இப்போது கணக்கைப் பாருங்கள். குறையே இல்லாத தரையின் மேல் நிற்கும் கால் அலைக் கம்பம் கேபிளுக்குக் காட்டும் தடை ஏறக்குறைய 36 ஓம். உங்கள் கேபிளோ 50 ஓம். மீட்டர் 1.4 காட்டும். முள் அசைந்துவிட்டது! இதே கம்பத்தின் காலடியில் ரேடியல்கள் போதாமல் 14 ஓம் நஷ்டம் சேர்ந்தால்? முப்பத்தாறும் பதினாலும் ஐம்பது. மீட்டர் 1:1. நூறு வாட்டில் 28 வாட் மாடித் தளத்துக்கு நிவேதனம். முள் மட்டும் அசையாது. பாடுபட்டு ரேடியல் போட்டவன் மீட்டர் கெட்டுப்போகிறது, போடாதவன் மீட்டர் ஜொலிக்கிறது. இதைவிடப் பெரிய ஊக்கம் ஒரு சோம்பேறிக்கு யார் தர முடியும்?

நண்பர் ஒருவர் வந்து “கம்பி சேர்க்கச் சேர்க்க எஸ்.டபிள்யூ.ஆர். ஏறுகிறதென்றால் ஆன்டெனா தேறுகிறது என்று அர்த்தம்” என்பார். காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

5. உயரத்தைக் குறையுங்கள்

பத்து மீட்டர் கம்பத்தை அசோசியேஷன் செயலாளர் பார்க்காமல் இருக்க மாட்டார்.

“என்ன சார் இது, செல்போன் டவரா? ரேடியேஷன் வருமே.”

“இல்ல சார், கொடிக்கம்பம்.”

பொய் சொன்னால் முழுதாகச் சொல்ல வேண்டும். கப்பியும் கயிறும் இன்றே மாட்டிவிடுங்கள். ஆகஸ்ட் 15 காலையில் அவர் கொடியும் மிட்டாய் டப்பாவுமாக வந்து நிற்பார்.

இல்லையென்றால் கம்பத்தை 2.5 மீட்டராக வெட்டி, குறைந்த நீளத்துக்கு ஈடாக அடியில் ஒரு சுருள் வையுங்கள். சுருளை நடுவில் வைத்தால் கதிர்வீச்சு கொஞ்சம் தேறும். அடியில் வைத்தால் கைக்கு எட்டும். அடியிலேயே வையுங்கள். மெல்லிய கம்பி, நெருக்கமான சுற்று, உள்ளே சாக்கடைக் குழாய்.

40 மீட்டர் பேண்டில் 2.5 மீட்டர்க் குச்சியின் கதிர்வீச்சுத் தடை ஏறக்குறைய 1.4 ஓம். சுருளின் நஷ்டம் 3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். தரை நஷ்டம் 15 ஓம் என்றால் மொத்தம் 19.4; மீட்டர் இரண்டரைக்கு மேல் காட்டும். கவலை வேண்டாம். நான்காம் படியில் போட்ட அந்த ஒற்றைக் கம்பியையும் அறுத்துவிடுங்கள். தரை நஷ்டம் 45 ஓமுக்கு ஏறட்டும். இப்போது மொத்தம் 50க்கு ஒரு மயிரிழைதான் குறைவு. 1:1! நூறு வாட்டில் மூன்று வாட் வானம் ஏறுகிறது. மிச்சம் 97 வாட்டில் மாமியின் வடாம் கொஞ்சம் சீக்கிரம் காயும். மாமிக்கும் நமக்கும் இருந்த மனஸ்தாபம் தீர்ந்தது.

6. டிராப் சுற்றுங்கள்

கம்பிகளைத் தொங்கவிடுவது கௌரவக் குறைவு என்று நினைப்பவர்களுக்கு டிராப். ஒரு சுருள், அதற்கு இணையாக ஒரு கெப்பாசிட்டர்; குறிப்பிட்ட அலைவரிசையில் கதவு மாதிரி மூடிக்கொண்டு மேற்பகுதியைத் துண்டித்துவிடும். உயர்ந்த பேண்டின் டிராப் கீழே, தாழ்ந்த பேண்டின் டிராப் மேலே என்பது வரிசை. மாற்றி மாட்டுங்கள். கெப்பாசிட்டரை ரிச்சி தெருவில் கைப்பிடியாக அள்ளி வாங்குங்கள். எத்தனை வோல்ட் தாங்கும் என்று கடைக்காரரைக் கேட்டு அவர் நேரத்தை வீணாக்காதீர்கள். டிராப்பில் ஆயிரக்கணக்கில் வோல்ட் எழும் என்பதை அது வெடித்துத் தெரிவிக்கும்.

தரையில் வைத்து டிராப்பை அளந்து பார்த்துவிட்டு மேலே ஏற்றுவது கோழைத்தனம்.

மழைக்கு மேல்மூடி போடுங்கள், எம்-சீல் பூசுங்கள், ஆனால் கீழே தண்ணீர் வடிய ஓட்டை போடாதீர்கள். உள்ளே நுழைந்த ஈரம் வெளியேற வழி இல்லாமல் தங்கும். சுற்றுகளுக்கு நடுவே தண்ணீர் நின்றால் ஒத்ததிர்வு கீழே சரியும். ஐப்பசியில் 20 மீட்டர் பேண்டு காணாமல் போகும், தை பிறந்தால் திரும்பி வரும். பருவகாலத்தோடு இசைந்து வாழும் ஆன்டெனா எத்தனை பேரிடம் இருக்கிறது?

7. கேபிளில் மனசாட்சி பார்க்காதீர்கள்

கேபிள் டி.வி.க்காரர் விட்டுப்போன சுருள் ஒன்று மாடிப்படிக்கடியில் கிடக்கும். 75 ஓம், வெளிவலை அலுமினியம், ஈயம் ஒட்டாது. முறுக்கிச் செருகுங்கள். அது கிடைக்காவிட்டால் மெல்லிய ஆர்.ஜி.58, முப்பது மீட்டர். அறை பத்து மீட்டர் தள்ளித்தான் இருக்கிறது என்றாலும் முப்பதே வாங்குங்கள். மிச்சத்தை மேசைக்கடியில் சுருட்டி வைக்கலாம். 28 மெகாஹெர்ட்ஸில் இந்த நீளத்துக்கு நூறு வாட்டில் நாற்பது வாட்டாவது கேபிளே சாப்பிட்டுவிடும். மீட்டர் என்ன சொல்லும்? போகும்போது பாதி தேய்ந்து, மேலே மோதித் திரும்பும்போது இன்னொரு பாதி தேய்ந்து, கீழே வந்து சேருவது கொசுறு. முள் படுத்தே கிடக்கும்.

கேபிள் எவ்வளவு பழசோ, உள்ளே எவ்வளவு தண்ணீர் இறங்கியிருக்கிறதோ, அவ்வளவு அழகான ரீடிங். இந்தப் பாதையில் கடைசிவரை போக விரும்புகிறவர்களுக்கு 50 ஓம் டம்மி லோடு என்று ஒரு டப்பா இருக்கிறது. எல்லாப் பேண்டிலும் 1:1, மழைக்கும் அசையாது, செயலாளருக்கும் ஆட்சேபம் இல்லை. வானத்துக்கு ஒன்றும் போகாது என்பது மட்டும்தான் குறை. அது நமக்குக் குறையே அல்ல.

8. சோக்கை மறந்துவிடுங்கள்

ரேடியல் இல்லாத ஆன்டெனா தன் மறுபாதியைத் தேடி எங்கே போகும்? கேபிளின் வெளிவலை மேல் ஏறி இறங்கி உங்கள் அறைக்கே வரும். அடியில் ஃபெரைட் வளையத்தில் கேபிளைச் சில சுற்று சுற்றினால் தடுத்துவிடலாம்; அதுதான் சோக். தடுக்காதீர்கள், வந்த விருந்தாளி. மைக்கைப் பிடித்துப் பேசும்போது உதட்டில் சுரீரென்று ஒரு கடி கிடைக்கும். ரேடியோவைத் தொட்டால் முள் ஆடும், கையை எடுத்தால் நிற்கும். இடது கையை எங்கே வைத்தால் 1:1 வருகிறது என்று கண்டுபிடித்து, மேசையில் பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இனி வலது கையால் மட்டும் லாக் எழுதப் பழக வேண்டும்.

பக்கத்து வீட்டு ஹோம் தியேட்டரிலும் உங்கள் குரல் வரும். பேசுவது எஸ்.எஸ்.பி. முறையில் என்பதால் தமிழா ஆங்கிலமா என்று தெரியாது. தொண்டை கட்டிய வாத்து பேசுவதுபோல இருக்கும். சீரியலில் மாமியார் அழும் இடத்தில் இது கேட்டால் சண்டைக்கு வருவார்கள். “எங்க வீட்லயும் அப்படித்தான் கேக்குது” என்று நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.

9. டியூனர் வாங்குங்கள்

மேற்சொன்ன எல்லாவற்றையும் மீறி முள் ஆடினால் மேசைமேல் ஒரு டியூனர். ஆன்டெனா எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். கேபிளில் நஷ்டமும் அப்படியே இருக்கும். ரேடியோ மட்டும் சமாதானமாகிவிடும். பொத்தானை அழுத்தினால் உள்ளே ரிலேக்கள் படபடவென்று தட்டும். அந்தச் சத்தத்துக்கே கொடுத்த காசு தகும்.

10. துணி காயப்போடும் கொடியால் இழுத்துக் கட்டுங்கள்

நைலான் கொடி, ஊதா நிறம், மளிகைக் கடையில் கிடைப்பது. வெயிலில் ஒரு கோடை காய்ந்தால் கைபட்டாலே பொடியும். மூன்று திசையில் கட்ட வேண்டியதை இரண்டு திசையில் கட்டுங்கள். ஒரு முனையை டிஷ் ஆன்டெனாவின் காலில் மாட்டுங்கள், யாருடையது என்று விசாரிக்க வேண்டாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆலமரங்களே வேரோடு சாய்ந்தன. உங்கள் கம்பம் நின்றிருந்தால்தான் கேள்வி கேட்பார்கள். கட்டிய மறுநாளே அதில் யாராவது துணி காயப்போட்டிருப்பார்கள். ஈரப் புடவை தொங்கினால் 10 மீட்டர் பேண்டு லேசாக நகரும். கஞ்சி போட்ட வேட்டிக்கு எவ்வளவு என்று நீங்கள் அளந்து பார்க்கலாம். அந்தத் துறையில் போட்டியே இல்லை.

ஒரே ஒரு விஷயத்தில் விளையாட்டு கிடையாது. கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எட்டும் தூரத்தில் ஈபி லைன் இருந்தால் இந்த வழிகாட்டியைக் கீழே வைத்துவிட்டு வேறு மாடி பாருங்கள். இதற்கும் ஒரு தப்பு முறை சொல்லித்தர எனக்கு இஷ்டமில்லை. அதைக் கற்றுக்கொண்டவர்கள் அடுத்த படிக்கு வருவதில்லை.

இடிக்கு மட்டும் வழக்கமான ஏற்பாடு போதும்: வானம் உறுமியதும் கேபிளைக் கழற்றி, முனையை ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் செருகி, ஜன்னலோரம் வையுங்கள். எர்த் கம்பி அடித்து, எல்லாவற்றையும் சேர்த்துப் பிணைப்பது செலவு. பல கிலோமீட்டர் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்த மின்னல் கண்ணாடியைக் கண்டதும் கூச்சப்பட்டுத் திரும்பிவிடும்.

11. நானோ வி.என்.ஏ.யைக் காலிப்ரேட் செய்யாதீர்கள்

ஆன்டெனாவை அளக்கும் குட்டிக் கருவி இது: சின்னத் திரை, நாலு வண்ணக் கோடு, கைக்கு அடக்கமான விலை. பெட்டியோடு மூன்று குட்டித் தொப்பிகள் வரும். ஒன்று திறந்தது, ஒன்று மூடியது, ஒன்று 50 ஓம். அளக்கும் முன் மூன்றையும் வரிசையாக மாட்டித் திருத்த வேண்டும். முதல் நாளே அவை சோபா இடுக்கில் விழுந்துவிடும் என்பதால் இந்தப் படியைப் பற்றி மேலும் எழுத வேண்டியதில்லை. கோடு அழகாக இறங்கும் இடத்தைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புங்கள். அந்த இடத்தின் அலைவரிசை படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

12. பேசத் தொடங்குங்கள்

முதல் அழைப்பைக் காலையில் 40 மீட்டரில் போடுங்கள். மதுரையும் கோயம்புத்தூரும் கூடிப் பேசிக்கொண்டிருக்கும். உங்களை யாரும் கேட்க மாட்டார்கள். காரணம் இருக்கிறது: வெர்டிகல் சிக்னலைத் தாழ்ந்த கோணத்தில் வீசும். 400, 500 கிலோமீட்டரில் இருப்பவரை எட்ட, சிக்னல் உயர்ந்த கோணத்தில் மேலே ஏறி அயனி மண்டலத்தில் பட்டு இறங்க வேண்டும். அதைத் தாழக் கட்டிய டைபோல் நன்றாகச் செய்யும். வெர்டிகலின் வேலை இரவில், கடல் கடந்து; ஹாம் மொழியில் டி.எக்ஸ். இந்த இயற்பியலை நன்றாகக் கட்டிய ஆன்டெனாக்காரன் சொன்னால் அது விளக்கம். நீங்கள் சொன்னால் கேடயம். “நம்ம ஆன்டெனா டி.எக்ஸ்.க்குத்தான் சார், லோக்கலுக்கு இல்ல” என்று சொல்லுங்கள். டி.எக்ஸ்.காரர்கள் கேட்கவில்லையென்றால் “லோக்கலுக்குத்தான்” என்று மாற்றிக்கொள்ளலாம். இரண்டு கூட்டமும் சந்திப்பது அபூர்வம்.

நூறு வாட் மூன்றாகச் சுருங்கினால் 15 டெசிபெல். எதிர்முனை எஸ்-மீட்டரில் அது இரண்டரைப் படிதான். அதற்குள் அவர் வழக்கம்போல முழு மதிப்பெண்ணாக “யூ ஆர் ஃபைவ் நைன்” என்று சொல்லியிருப்பார். அடுத்த மூச்சில் உங்கள் அழைப்புக்குறியை மூன்று தடவை திரும்பக் கேட்பார். ஃபைவ் நைனை மட்டும் லாக்கில் எழுதுங்கள்.

அப்படியும் யாரும் கிடைக்கவில்லையென்றால் எஃப்.டி.8 இருக்கிறது. இரட்டைப் பல்சரைக் கண்டுபிடித்து 1993இல் இயற்பியல் நோபல் வாங்கிய ஜோ டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்க் என்பவரோடு சேர்ந்து 2017இல் வெளியிட்ட முறை. இரைச்சலுக்கு 20 டெசிபெல் கீழே, காதுக்கே எட்டாமல் கிடக்கும் சிக்னலைக்கூடக் கணினி பொறுக்கி எடுத்துவிடும். உங்கள் மூன்று வாட் பிரேசிலுக்குப் போய்ச் சேரும். நோபல் பரிசு பெற்ற மனிதர் அவ்வளவு பாடுபட்டது நீங்கள் ரேடியல் போடாமல் இருப்பதற்காகத்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். “பிரேசில் கிடைச்சிடுச்சு, ஆன்டெனாவில் குறை சொல்ல என்ன இருக்கு?” இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்யுங்கள்.

13. சூரியனைத் திட்டுங்கள்

சூரியப் புள்ளிகளின் சுழற்சி ஏறக்குறைய 11 ஆண்டு. 2024 வாக்கில் ஒரு உச்சம் வந்தது. உச்சத்தின்போது 10 மீட்டரில் ஜன்னல் கம்பியும் ஐரோப்பா பேசும். அந்தப் பெருமையை ஆன்டெனாவுக்குக் கொடுங்கள். புள்ளிகள் குறையக் குறையப் பேண்டு அடைத்துக்கொள்ளும். அந்தப் பழியைச் சூரியனுக்குக் கொடுங்கள். முதல் படியில் பூத்த வெள்ளைப் பொடியும் ஆறாம் படியில் தேங்கிய தண்ணீரும் இதிலேயே அடங்கிவிடும்.

14. வாரிசை உருவாக்குங்கள்

ஹாம்களின் கூட்டத்துக்குப் போங்கள். மூலையில் புதுசாக ஒரு பையன் உட்கார்ந்திருப்பான்; வி.யு.3, அழைப்புக்குறியின் ஈரம் காயவில்லை. “அண்ணா, வெர்டிகல் கட்டலாம்னு இருக்கேன். ரேடியல் எத்தனை போடணும்?” என்று கேட்பான். நாற்காலியில் சாய்ந்துகொள்ளுங்கள். கொஞ்சம் யோசிப்பதுபோல இருங்கள்.

“ரேடியலா? நான் ஒண்ணுகூடப் போடல தம்பி. எஸ்.டபிள்யூ.ஆர். என்ன தெரியுமா? ஒன்றுக்கு ஒன்று.”

அவன் எழுதிக்கொள்வான். பேனா இல்லையென்றால் உங்களுடையதைக் கொடுங்கள்.